சிங்கப்பூர் போறதா, இங்கேயே இருக்கிறதா?

சம்பா அறுவடை வேலையில ஒரு மாசமா இந்தப் பக்கம் வரவே முடியல. இப்போ நெல்லு போட்டாச்சு, பணமும் கணக்குல ஏறிடுச்சு. அறுப்புக்கு ஒரு வாரம் முன்னாடி, மண்ணுல ஈரம் இருக்கும்போதே நெல்லுக்குள்ள தெளிச்ச உளுந்து, இப்போ ரெண்டு இலை விட்டு நிக்குது. மிச்ச ஈரத்துலயும் பனியிலயுமே அது வளர்ந்துக்கும். கைக்கு வேலை குறைஞ்சா மனசுக்கு வேலை கூடிடும். எங்க பக்கம் தை, மாசியில பாதி வீடுகள்ல ஒரே பேச்சுதான் ஓடும்: "இந்த வருஷமாவது போறதா, இல்லையா?"

எங்கேன்னு யாரும் சொல்றதில்ல. மன்னார்குடி, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டி வட்டாரத்துல "போறது"ன்னா பெரும்பாலும் சிங்கப்பூர்தான். நானே 2002-ல போய் ரெண்டு வருஷம் கட்டட வேலை பார்த்தவன். அப்போ ஒரு வெள்ளி 27 ரூபாய் சொச்சம். (டாலர்னு எங்க ஊர்ல சொல்ல மாட்டோம், வெள்ளிதான்.) அப்பாவுக்கு உடம்பு முடியாம போனதும் திரும்பி வந்தேன். வந்தவன் வயலைப் பிடிச்சேன், அப்படியே இருபது வருஷம் ஓடிடுச்சு.

இப்போ எனக்கு வயசு 51. மலேசியாக்காரங்களைத் தவிர மத்தவங்க புதுசா வொர்க் பெர்மிட் வாங்க 50 வயசுதான் எல்லைன்னு அங்க ஒரு விதி இருந்துச்சு. அதனால 50 தாண்டினதும் எங்க வீட்டுல இந்தப் பேச்சே அடங்கிப் போச்சு. உண்மையைச் சொன்னா நிம்மதியா இருந்துச்சு. கதவு மூடிட்டா உள்ளே இருக்கிறதைப் பார்த்துக்கலாம்ல? ஆனா 2025 ஜூலை 1-ல இருந்து விதியை மாத்திட்டாங்க. 61 வயசுக்குள்ள இருந்தா புதுசா விண்ணப்பிக்கலாம், 63 வரைக்கும் வேலை பார்க்கலாம். பதினோரு வருஷமா அங்க சூப்பர்வைசரா இருக்கிற என் மச்சினன் உடனே ஃபோன் போட்டான். "அத்தான், எங்க கம்பெனியில ஆள் எடுக்கறாங்க. பரீட்சை மட்டும் பாஸ் பண்ணிட்டு வாங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்"னான்.

அன்னையிலிருந்து இந்தக் கணக்கைத்தான் போட்டுட்டிருக்கேன். நகரத்துல இருக்கிற உங்களுக்கு ஒரு விவசாயியோட வரவு செலவு எப்படி இருக்கும்னு தெரியணும்ங்கிறதுக்காக, முழுசா எழுதறேன்.

முதல்ல இந்தப் பக்கம்.

சொந்தம் 2 ஏக்கர், கோயில் குத்தகை 1 ஏக்கர். இந்த சம்பாவுல ஏக்கருக்கு 60 கிலோ மூட்டை 35 கண்டுச்சு. அதாவது 21 குவிண்டால். 2025-26 பருவத்துக்கு சன்ன ரகத்துக்குக் குவிண்டால் 2,545 ரூபாய், மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து. ஆக ஏக்கருக்கு 53,445.

செலவு: உழவு 5,000. நாத்து, நடவு 7,500. உரம் 5,500. களை 3,000. மருந்து 2,500. பெல்ட் மெஷின் அறுப்பு 3,500. ஏத்துக்கூலி, இறக்குக்கூலி, டீச்செலவு எல்லாம் 2,000. மொத்தம் 29,000. கையில நின்னது ஏக்கருக்கு 24,000 சொச்சம். மூணு ஏக்கருக்கு 73,000, குத்தகை போக 67,000. நானும் வீட்டுக்காரியும் வயல்ல நின்ன நாளுக்கு இதுல கூலி போடல. போட்டா கணக்கே வேற மாதிரி ஆயிடும்.

இதோட குறுவை நல்லா வந்தா ஒரு 45,000. உளுந்து 15,000. ரெண்டு மாடு, செலவு போக 20,000. எல்லாம் சேர்த்தா நல்ல வருஷத்துல ஒரு லட்சத்து 47 ஆயிரம். அரிசி, உளுந்து, பால் கடையில வாங்க வேண்டியதில்ல, அது தனி லாபம்.

"நல்ல வருஷத்துல"ங்கிற வார்த்தையைக் கவனிச்சிருப்பீங்க. அதுலதான் எல்லாம் இருக்கு. மேட்டூர் திறக்க வேண்டிய தேதி ஜூன் 12. 2018-ல திறந்தது ஜூலை 19. 2019-ல ஆகஸ்ட் 13. 2020, 2021-ல சரியா ஜூன் 12. 2022-ல மே 24-லயே திறந்துட்டாங்க. 2023-ல ஜூன் 12. 2024-ல ஜூலை 28. 2025-ல மறுபடி ஜூன் 12. மாசச் சம்பளம் வாங்கறவங்க இதைத் தங்களோட சம்பளத் தேதியா நினைச்சுப் பாருங்க. ஒரு வருஷம் ஒண்ணாம் தேதி, அடுத்த வருஷம் ரெண்டு மாசம் கழிச்சு. தண்ணி நேரத்துக்கு வந்தாலும் குறுவை அறுப்பும் வடகிழக்குப் பருவமழையும் ஒண்ணா வந்து மோதும். கொள்முதல்ல ஈரப்பதம் 17 சதவீதம்தான் கணக்கு. ரோட்டுல நெல்லைக் கொட்டிட்டு வானத்தைப் பார்த்துக் கிடக்கிற பொழப்பு. 2025 அக்டோபர்ல அந்தக் காட்சியை நீங்களும் டிவியில பார்த்திருப்பீங்க.

அடுத்தது வீடு. எனக்கு வயலை விட இதுதான் பெரிய தலைவலி.

நாங்க இருக்கிற வீடு தாத்தா கட்டின ஓட்டு வீடு. 2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா அடிச்சப்போ பாதி ஓடு பறந்துச்சு. மாத்து ஓடு தேடி அலைஞ்சு, கிடைச்சதைப் போட்டு, கிடைக்காத இடத்துல தார்ப்பாய் கட்டினோம். அந்தத் தார்ப்பாயை இதுவரைக்கும் மூணு தடவை மாத்தியாச்சு. ஐப்பசி, கார்த்திகையில அம்மா கட்டிலை ராத்திரியில ரெண்டு தடவை நகர்த்திப் போடணும். அவங்களுக்கு வயசு 76.

இடிச்சுட்டுக் கட்ட வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. வீடு எங்களோடது, அடியில இருக்கிற மண்ணு கோயிலோடது. டெல்டாவுல தெருத் தெருவா இப்படித்தான். கோயில் மனையில குடியிருந்துக்கிட்டு அடிமனை வாடகை கட்டறவங்க. 1959-ம் வருஷத்து இந்து சமய அறநிலையச் சட்டப்படி, ஆணையர் அனுமதி இல்லாம கோயில் சொத்தை விக்கவோ, அடமானம் வைக்கவோ, அஞ்சு வருஷத்துக்கு மேல குத்தகைக்கு விடவோ முடியாது. சாமி சொத்து கண்டவன் கைக்குப் போயிடக் கூடாதுன்னு போட்ட சட்டம், அதுல நியாயம் இருக்கு. ஆனா எங்க நிலைமை என்னன்னா, பட்டா கிடையாது. பட்டா இல்லாததால வீட்டுக்கடன் கிடையாது. கலைஞர் கனவு இல்லத்துல மூன்றரை லட்சம் தர்றாங்க, அது குடிசைகளுக்கு. எங்களோடது ஓட்டு வீடு, அதுவும் பட்டா இல்லாத ஓட்டு வீடு. எந்தப் பக்கம் போனாலும் வாசல்லயே நிக்க வேண்டியிருக்கு.

600 சதுர அடியில சின்னதா ஒரு மெத்தை வீடு கட்டினா சதுர அடிக்கு 2,300 ஆகும்ங்கிறார் மேஸ்திரி. 13 லட்சத்து 80 ஆயிரம். இங்க வர்ற வருமானத்துல அதைச் சேர்க்கறதுக்குள்ள எனக்கு 70 தாண்டிடும்.

சரி, அந்தப் பக்கம் பார்ப்போம்.

மச்சினன் சொன்ன சம்பளம் நாளைக்கு 22 வெள்ளி. 26 நாளைக்கு 572. ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு, சட்டப்படி மாசத்துக்கு 72 மணி நேரம் வரைக்கும். அதுல ஒரு 297. ஆக 870 வெள்ளி பக்கம். சாப்பாடு, ஃபோன், தேக்காவுல ஞாயித்துக்கிழமைச் செலவு எல்லாம் போக 600 மிச்சம் பிடிக்கலாம். வெள்ளி 70 ரூபாய்னு வெச்சா மாசம் 42,000. ரெண்டு வருஷத்துல 10 லட்சம்.

இதுல ஏஜெண்டுக்கு மூன்றரை லட்சம், பரீட்சைப் பயிற்சியும் டிக்கெட்டும் சேர்த்து. இந்த இடத்துல ஒரு விஷயத்தைக் கட்டாயம் சொல்லணும், உங்க வீட்டுல வேலை செய்யறவங்க, தெரிஞ்ச பசங்க யாராவது கிளம்பினா அவங்களுக்கு உதவும். நம்ம நாட்டுல பதிவு பெற்ற ஏஜெண்ட் சேவைக் கட்டணமா 30,000 ரூபாயும் அதுக்கு ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். சிங்கப்பூர் சட்டப்படி அங்க இருக்கிற ஏஜென்சி, ஒப்பந்த வருஷம் ஒண்ணுக்கு ஒரு மாசச் சம்பளம், எப்படிப் பார்த்தாலும் ரெண்டு மாசச் சம்பளத்துக்கு மேல வாங்கக் கூடாது. ரெண்டையும் கூட்டினாலும் மூன்றரை லட்சம் வராது. ஆனா எங்க தெருவுல போனவங்க யாரும் முழுத்தொகைக்கு ரசீது பார்த்ததில்ல. கேட்டா சீட்டு அடுத்தவனுக்குப் போயிடும்னு பயம்.

பணம் நகையை அடகு வெச்சுதான். வட்டியோட நாலு லட்சம்னு வெச்சுக்கிட்டாலும் ரெண்டு வருஷம் முடிஞ்சு கையில 6 லட்சம். இங்கேயே இருந்தா, ரெண்டும் நல்ல வருஷமா இருந்தாலும், ரெண்டு லட்சத்து 94 ஆயிரம், அதுலயும் குடும்பச் செலவு போகணும். காகிதத்துல போட்டா போறதுதான் சரி. இதை மறைக்க நான் விரும்பல. "மண்ணை விட்டுப் போகாதீங்க, விவசாயம்தான் உசுரு"ன்னு எனக்குப் பின்னூட்டம் போடற அன்பர்கள் இந்த ரெண்டு எண்ணையும் ஒரு தடவை பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க.

அங்க தங்கற இடமும் ஒரு கணக்குதான். 2020 ஏப்ரல்ல கொரோனா டார்மிட்டரிகள்ல பரவினப்போ மூணு லட்சம் பேருக்கு மேல உள்ளேயே அடைஞ்சு கிடந்தாங்க. அதுக்கப்புறம் 2021-ல புதுசா கட்டற டார்மிட்டரிக்கு விதி போட்டாங்க: ஒரு ரூமுக்கு 12 பேருக்கு மேல கூடாது, ஆளுக்கு 4.2 சதுர மீட்டராவது இருக்கணும். நம்ம கணக்குல 45 சதுர அடி. ரெண்டு கயித்துக் கட்டில் போட்டா முடிஞ்சுது. பொண்டாட்டி பிள்ளையைக் கூட வெச்சுக்கவும் வொர்க் பெர்மிட்டுல வழியில்ல. 600 சதுர அடி வீட்டுக்காக 45 சதுர அடியில கிடக்கணும். நான் 28 வயசுல இதை விட மோசமான இடத்துல கிடந்திருக்கேன், அதனால பயமில்ல. 51 வயசு முதுகு என்ன சொல்லும்னுதான் தெரியல.

இவ்வளவு தூரம் கணக்கு "போ"ன்னுதான் சொல்லுச்சு. அதைத் திருப்பினது என் வீட்டுக்காரி.

குத்தகை நிலத்தை என்ன பண்றதுன்னு பேசிட்டிருந்தோம். சாகுபடி குத்தகைதாரர்னா யாருன்னு 1955-லயே சட்டம் சொல்லியிருக்கு: தானோ, தன் குடும்பத்துல ஒருத்தரோ உடம்பு உழைப்பைப் போட்டு அந்த நிலத்தைச் சாகுபடி செய்யணும். நான் போயிட்டு வேற ஆளை விட்டு உழுதா, "நீ குத்தகைக்காரனே இல்ல"ன்னு ஒருநாள் யாராவது சொல்லலாம். குத்தகைச் சீட்டு இன்னும் செத்துப்போன அப்பா பேருலதான் இருக்கு. பேர் மாத்த மனு கொடுத்து வெச்சிருக்கேன். ஆக நான் போனா, வயல்ல இறங்கி நிக்க வேண்டியது அவதான். மடை பார்க்கறதுல இருந்து மெஷின்காரனோட மல்லுக்கட்டறது வரைக்கும்.

"நான் நிப்பேன். இப்பவும் பாதி நான்தானே நிக்கறேன்"னா. அப்புறம் கொஞ்ச நேரம் பேசல. புளி கரைச்சுக்கிட்டே கேட்டா: "ஏங்க, நீங்க போய் ஆறு லட்சம் கொண்டாந்து, அதை யார் எடத்துல கொட்டப் போறீங்க?"

எனக்குப் பதில் வரல.

"கோயில் எடத்துலதானே? நாளைக்குத் தம்பிக்குப் படிப்புக் கடன்னு போனா அந்த வீட்டை ஒரு பேங்குலயும் வெக்க முடியாது. விக்க முடியாது. அவன் பேருல வாடகை ரசீதுதான் இருக்கும். அதுக்கு ரெண்டு வருஷம் அங்க கிடக்கணுமா?"

என் கணக்குல சம்பளம், வட்டி, சிமெண்டு விலை எல்லாம் இருந்துச்சு. வீட்டுக்கு அடியில இருக்கிற மண்ணுக்கு ஒரு வரி இல்ல. அவளுக்கு அது முதல் வரியா இருந்துச்சு.

அதுக்கப்புறம் எங்க தெருவையே வேற கண்ணால பார்க்க ஆரம்பிச்சேன். சிங்கப்பூர்ப் பணத்துல கட்டின வீடு எங்க தெருவுல பதினொண்ணு. முன்பக்கம் டைல்ஸ், ஸ்டீல் கைப்பிடி, மேல தண்ணித்தொட்டி. அதுல நாலு வீடு பூட்டியே கிடக்கு. மூணு வீட்டுல ஒரு கிழவி மட்டும் வாசல்ல உக்காந்திருக்கும். பட்டா மண்ணுல கட்டினவங்க அந்த வீட்டை வெச்சே அடுத்த படி ஏறியிருக்காங்க. ஒருத்தர் எட்டு வருஷம் இருந்துட்டு வந்து, வீட்டை வெச்சுக் கடன் வாங்கி, அறுப்பு மெஷின் எடுத்து ஓட்டறார். இந்த வருஷம் என் வயலை அறுத்ததும் அவரோட மெஷின்தான். கோயில் மனையில கட்டினவங்க வீடு வெளியில பார்க்க அதே மாதிரிதான் இருக்கும். ஆனா அந்தக் காசு அங்கேயே உறைஞ்சு நிக்குது. அவசரத்துக்கு ஆகாது. ரெண்டு பேரும் அதே டார்மிட்டரியிலதான் கிடந்தாங்க, அதே வெயில்லதான் கம்பி கட்டினாங்க.

வீட்டுக்காரி இன்னொண்ணும் சொன்னா. ஏஜெண்டுக்குக் கொடுக்கற மூன்றரை லட்சத்துக்கு எங்க ஊர் மேலத்தெருப் பக்கம் பட்டாவோட 4 சென்ட் மனை வரும். விசாரிச்சோம், வருது. அதே நகை, அதே அடகு, அதே கடன். ஒண்ணுக்கு விமான சீட்டு, இன்னொண்ணுக்கு மண்ணு.

அதனால இந்த வருஷம் நான் போகல. மனையை வாங்கறதுன்னு முடிவு பண்ணியிருக்கோம். பத்திரம் அவ பேருலதான். மச்சினன் கிட்ட சொன்னப்போ கொஞ்சம் வருத்தம்தான். "அத்தான், இப்ப விட்டா திரும்ப எடுப்பாங்களான்னு தெரியாது"ன்னான். அவன் சொல்றதும் சரிதான். விதியை ஒரு தடவை மாத்தினவங்க இன்னொரு தடவை மாத்த எவ்வளவு நேரம் ஆகும்?

இதை ஒரு வெற்றிக் கதையா யாரும் எடுத்துக்க வேண்டாம். மூன்றரை லட்சத்துக்கு வட்டி மட்டும் வருஷத்துக்கு முப்பதாயிரத்துக்கு மேல. ஒரு லட்சத்து 47 ஆயிரத்துல அதைக் கட்டி, அசலையும் குறைக்க நாலஞ்சு வருஷமாவது ஆகும். நடுவுல ஒரு வருஷம் மேட்டூர் தள்ளிப் போனா ஆறு. அதுவரைக்கும் அம்மா கட்டிலை நகர்த்திக்கிட்டுத்தான் இருக்கணும். இந்த மழைக்குள்ள தார்ப்பாயை எடுத்துட்டு அவங்க படுக்கிற பக்கம் மட்டும் ஷீட் போட்டுடலாம்னு இருக்கேன், அதுக்கு உளுந்துக் காசு ஆகும். மனை கைக்கு வந்த பிறகு, 56, 57 வயசுல, கட்டறதுக்காகப் போக வேண்டி வந்தாலும் வரலாம். அப்பவும் விதி இப்படியே இருந்து, உடம்பும் இடம் கொடுத்தா, "போகவே மாட்டேன்"னு சொல்ல மாட்டேன். ஆனா அப்ப வர்ற காசு போய் நிக்கறதுக்கு ஒரு இடம் இருக்கும்.

உங்கள்ல பலருக்கும் இதே கேள்வி வேற ரூபத்துல இருக்கும்னு எனக்குத் தெரியும். 2025 செப்டம்பர்ல புது எச்1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம்னு அமெரிக்கா அறிவிச்ச வாரம், சென்னையில ஐ.டி.யில இருக்கிற என் பள்ளிக்கூட நண்பன் ஃபோன்ல ரொம்ப நேரம் பேசினான். அடுக்குமாடி வீட்டுக்கு இன்னும் 14 வருஷம் தவணை பாக்கி. பையனை அனுப்பறதா, வேண்டாமான்னு அவனும் சம்பளத்தையும் விசாவையும்தான் கூட்டிக் கழிச்சுட்டிருந்தான். அவன் கணக்கு வேற, தொகை வேற. ஆனா போறவன் சம்பாதிக்கறது எங்க போய் நிக்கும், இங்க இருக்கிறதை யார் பேருல யார் பார்த்துக்குவாங்கங்கிற ரெண்டு கேள்வி அவனுக்கும் பொருந்தும். வீட்டுல இருக்கிறவங்ககிட்ட கேட்டுப் பாருடான்னு சொன்னேன்.

குத்தகைப் பேர் மாத்தம் விஷயமா வர்ற வாரம் ஒரு நடை போகணும். மனு எண், வாடகை ரசீது எல்லாம் ஒரு மஞ்சப் பையில போட்டு வெச்சிருக்கா. கோயில் மனையில குடியிருக்கிறவங்க, அடிமனை வாடகைப் பேர் மாத்தி வாங்கினவங்க யாராவது இதைப் படிச்சா, என்னென்ன காகிதம் கேட்டாங்கன்னு எழுதுங்க. எங்க தெருவுல இன்னும் முப்பது வீட்டுக்கு அது உபயோகப்படும். உளுந்து எடுத்ததும் அடுத்த பதிவு.